பாத்துட்டு வந்து சொல்றேன்

ஓட்டுக் கேட்கப் போன இடத்தில், மைக்கைப் பிடித்து, “எனக்குத் தெரியாது” என்று சொன்ன ஒரு வேட்பாளருக்கு மைக் செட் கட்டியவன் நான். அதற்காக யாரும் எனக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. விக்கல்தான் வந்தது.

எனக்குப் பயம் வந்தால் விக்கல் வரும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து கரண்ட் போனால் விக்கல். மாமனார் முன்னறிவிப்பில்லாமல் வந்து இறங்கினால் விக்கல். மைக் செட் வைத்துப் பிழைக்கிறவனுக்கு இது எப்பேர்ப்பட்ட வசதி என்று யோசித்துப் பாருங்கள். மற்றவர்கள் பயத்தை மனசுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். நான் இரண்டு கூம்பு ஸ்பீக்கரில் ஊருக்கே ஒலிபரப்புகிறேன்.

டீச்சருக்குப் பயமே கிடையாது. அதனால் அவர் பங்குக்கும் சேர்த்து நான்தான் பயப்பட வேண்டியிருந்தது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற பக்கத்தில் எங்கள் பேரூராட்சி. அங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமுறைக் கணக்கில் சயின்ஸ் எடுத்தவர் டீச்சர். குள்ளமான உருவம். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். மழையோ வெயிலோ, கையில் ஒரு கறுப்புக் குடை. விரித்துப் பார்த்தவர்கள் குறைவு. பேசும்போது எதிரே இருப்பவரைச் சுட்டிக்காட்டத்தான் அது அதிகம் பயன்பட்டது.

மற்ற டீச்சர்களிடம் பிள்ளைகள் தெரியாததைக் கேட்டால், ‘அதிகப்பிரசங்கி, உட்கார்’ என்று பதில் வரும். இவர் நெற்றியைச் சுருக்கி ஜன்னல் பக்கம் ஒரு தரம் பார்ப்பார். பிறகு, “தெரியல. பாத்துட்டு வந்து சொல்றேன்” என்பார். இதில் என்ன அதிசயம், நாமும்தான் சொல்கிறோம் என்பீர்கள். நாம் சொல்வது ஆளை அனுப்புவதற்கு. அவர் பார்த்துவிட்டு, வந்து, சொல்வார்.

என் தங்கை கல்யாணத்தில் நடந்ததைச் சொன்னால் புரியும். ரிசப்ஷன். மேடைக்கு அடியில் ஆம்ப்ளிபயருடன் நான். மேலே ஏற வரிசை வாசல் வரை நிற்கிறது. டீச்சர் குடையோடு மேடை ஏறி, பரிசைக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தங்கையிடம் சொன்னார்: “நைன்த்துல கேட்டியே, பல்லி தூங்குமான்னு. தூங்கும்மா. அதுக்கு இமை கிடையாது, அதனால கண்ணத் தொறந்துகினே தூங்கும். அப்ப எனக்குத் தெரியல. கேட்டு வெச்சேன், நீ பத்தாவதோட நின்னுட்ட.”

பாட்டுக் கச்சேரிக்காக வைத்திருந்த மைக் பக்கத்திலேயே உயிரோடு இருந்தது. பல்லியின் தூக்கம் மண்டபம் முழுக்கப் போய், பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் இது ஏதோ சகுனம் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு விக்கல். தங்கை மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக, “தேங்க்ஸ் டீச்சர்” என்றாள். அன்றைக்கு வந்த பரிசுகளில் அவளுக்கு இன்றும் ஞாபகம் இருப்பது அந்தப் பல்லி ஒன்றுதான்.

இப்படிப்பட்டவர் ரிட்டையரான கையோடு வார்டு கவுன்சிலர் தேர்தலில் நிற்கிறேன் என்று என் கடைப் படியேறினார். செல்போனுக்கு வருகிற காலுக்கும் காசு பிடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்து காம்பவுண்டு போட்டுக்கொண்டிருந்தன. ஏற்கெனவே இருந்த கவுன்சிலர் மரக்கடை வைத்திருந்தவர். கெட்டவர் இல்லை. சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வருவார். ஆனால் எதைக் கேட்டாலும் வாயில் ஒரே சொல்தான்: “ஆயிடும்.” குழாயில் தண்ணீர்? ஆயிடும். தெருவிளக்கு? நாளைக்கு ஆயிடும். பள்ளிக்கூடத் தெருவில் தண்ணீர் எப்போது வரும் என்று டீச்சர் அவரைப் போய்ப் போய்க் கேட்டிருக்கிறார். நாளைக்கு என்று வந்துகொண்டே இருந்தது, தண்ணீர் வரவில்லை.

“ஏன் டீச்சர் உங்களுக்கு இந்த வம்பு?” என்று கேட்டேன்.

“அந்த ஆளு ஒரு தடவ, ஒரே தடவ, தெரியல டீச்சர்னு சொல்லியிருந்தா நான் நின்னிருக்க மாட்டேன்” என்றார்.

மனுத் தாக்கல் முடிந்து வெளியே வரும்போது எனக்கு மறுபடி விக்கல். மரக்கடைக்காரர் என் பழைய வாடிக்கை. அவர் கட்சிக் கூட்டங்களுக்கெல்லாம் நான்தான் மைக். ஜெயிக்கிற பக்கத்தில் இருந்தால் ஆயுசுக்கும் வேலை, தோற்கிற பக்கத்தில் இருந்தால் அடுத்த திருவிழாவுக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள். நான் வாயை அடக்க முடியாமல், “டீச்சர், ஜெயிப்பமா?” என்று கேட்டுவிட்டேன்.

நெற்றியைச் சுருக்கினார். அங்கே ஜன்னல் இல்லாததால் புளியமரத்தைப் பார்த்தார். “தெரியல. பாத்துட்டு வந்து சொல்றேன்.”

சுயேச்சை என்பதால் சின்னம் அவர்கள் கொடுத்ததுதான். கொடுத்தது தண்ணீர்க் குழாய். குழாயில் தண்ணீர் வராத வார்டில் குழாய்க்கு ஓட்டுக் கேட்டுப் போனால் எப்படி இருக்கும்? முதல் தெருவிலேயே ஒரு பெரியவர் வழிமறித்தார். “ஏன்ம்மா, கொழா மட்டும்தானா, தண்ணியும் வருமா?” நான் ஸ்பீக்கர் கட்டிய என் ஆட்டோவில் இருந்தபடி மைக்கில், “குடம் நிரம்பும், குறை தீரும்” என்று அடுக்குமொழியை அவிழ்த்துவிட்டேன். டீச்சர் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். “இப்பத்திக்குச் சின்னம் மட்டும்தான். தண்ணி வருமான்னு எனக்குத் தெரியல. பாத்துட்டு வந்து சொல்றேன்.” என் இரண்டு ஸ்பீக்கரும் அதை நல்ல தெளிவாக எடுத்துச் சொல்லின. என் சரக்கு அவ்வளவு தரம்.

மறுநாள் காலையில் ஓட்டுக் கேட்கப் போகாமல் தண்ணித் தொட்டிக்குப் போனார். தொட்டி ஆபரேட்டரைக் கேட்டு, குழாய் போகும் வழியை நடந்து பார்த்து, சாயங்காலம் அந்தப் பெரியவர் வீட்டு வாசலில் போய் நின்று, மோட்டார் சிறியது, மேட்டில் இருக்கிற தெருக்களுக்குத் தண்ணீர் ஏறாது, பெரிய மோட்டார் போடாதவரை யார் ஜெயித்தாலும் வராது என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு பெரியவர், ஒரு ஓட்டு, ஒரு முழு நாள். அதே நாளில் மரக்கடைக்காரர் வார்டு முழுவதையும் ஒரு சுற்று முடித்து, தண்ணீர், விளக்கு, ரோடு எல்லாவற்றையும் ‘ஆயிடும்’ ஆக்கிவிட்டுப் போயிருந்தார்.

இதையாவது பொறுத்துக்கொண்டேன். கம்பெனிகளில் வேலைக்கு வந்து, வரிசை ரூம்களில் வாடகைக்கு இருந்த தெற்கத்திப் பையன்களிடமும் நிற்க ஆரம்பித்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஈர லுங்கியைக் காயப்போட்டுக்கொண்டே, “எங்களுக்கு ஓட்டெல்லாம் ஊர்லல்லா இருக்கு டீச்சர். இங்க நின்னு உங்க நேரத்த ஏன் போக்குதீய?” என்று நியாயமாகத்தான் கேட்டான். கூடவே, கம்பெனி பஸ் ஏன் தெருவுக்குள் வராமல் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போகிறது என்றும் கேட்டுத் தொலைத்தான். ஓட்டில்லாதவன் கேள்வி. விட்டாரா? டிரான்ஸ்பார்மர் மூலையில் பஸ் திரும்பாது என்ற பதிலைக் கண்டுபிடிக்க டிரைவர்களைத் தேடித் தண்டலம் வரை போய்வந்தார். பிரசாரம் முடிய மிச்சமிருந்தது மூன்றோ நாலோ நாள். நான் விக்கிக்கொண்டே ஆட்டோவை ஓட்டினேன்.

இருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். பேச்சு மெல்ல மாறிக்கொண்டிருந்தது. டீக்கடையில், “அந்தம்மா சொன்னா சொன்னபடி வந்து சொல்லுதுப்பா” என்று காதில் விழுந்தது. மரக்கடைக்காரர் ஆட்கள் பள்ளிக்கூடத் தெருவுக்கு இரண்டாம் தடவை வர ஆரம்பித்தார்கள். எனக்கும் கொஞ்சம் ஆசை தட்டியது. எல்லாம் ஏரிக்கரைத் தெரு கையில் இருந்தது.

வார்டிலேயே பெரிய தெரு அது. ஓட்டும் அங்கேதான் அதிகம். ஏரியில் தண்ணீர் நிற்கும் உள்வாயை ஒட்டி, ஓலையும் ஷீட்டுமாகப் போட்ட வீடுகள். முனையில் கன்னியம்மா இட்லிக்கடை. ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு விடிகாலையிலேயே இட்லி ஊற்றுகிறவள். ஓலையைப் பிரித்துவிட்டுக் கட்டடமாக எடுக்க வேண்டும் என்று வாசலில் செங்கல் இறக்கி அடுக்கி வைத்திருந்தாள். அந்தத் தெருவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பட்டா.

“டீச்சர், பட்டா கெடைக்குமா?” என்று கேட்டாள் கன்னியம்மா. தெருவே பின்னால் நின்றது.

நான் கண்ணால் கெஞ்சினேன். கெடைக்கும் என்று சொல்ல வேண்டாம், முயற்சி பண்றேன் என்றாவது சொல்லலாம் அல்லவா? டீச்சர் ஏரிப் பக்கம் பார்த்தார். “தெரியல. பாத்துட்டு வந்து சொல்றேன்.”

தாலுக்கா ஆபீசில் அவரிடம் படித்தவள் ஒருத்தி வேலையில் இருந்தாள். பிரசாரத்தின் கடைசி நாள் மத்தியானம் டீச்சர் அங்கிருந்து வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏரிப் புறம்போக்கு. பட்டா கொடுக்க வழியே இல்லை.

ஆட்டோவை ஓரமாக நிறுத்தினேன். பாதிச் சொல்லும் பாதி விக்கலுமாகக் கெஞ்சினேன். இன்றைக்கு விட்டுவிடுங்கள், ஓட்டுப்போட்ட பிறகு போய்ச் சொல்லலாம், பொய் சொல்லச் சொல்லவில்லை, சும்மா இருக்கத்தானே சொல்கிறேன் என்றேன்.

“அவ செங்கல் எறக்கி வெச்சிருக்கா” என்றார் டீச்சர். “மரக்கடைக்காரர் ஆயிடும்னு சொன்னா நாளைக்கே கொத்தனாரக் கூப்ட்டு எடுத்துடுவா. அப்புறம் வந்து இடிச்சாங்கன்னா? பாத்துட்டு வந்து சொல்றேன்னு தான் சொன்னேன். எலெக்ஷன் முடிஞ்சு சொல்றேன்னு சொல்லல. வண்டிய எடுப்பா.”

எடுத்தேன். அன்று சாயங்காலம் ஏரிக்கரைத் தெருவில், ஆட்டோவில் உட்கார்ந்தபடியே, பாடம் நடத்துகிற அதே குரலில் சொன்னார். இது ஏரிப் புறம்போக்கு. கவுன்சிலருக்குப் பட்டா தர அதிகாரம் இல்லை. தாசில்தாராலும் முடியாது. யார் வந்து சொன்னாலும் நம்பிக் கட்டடம் எழுப்பிவிடாதீர்கள். “எனக்கு ஓட்டுப் போட்டாலும் கெடைக்காது, போடாட்டியும் கெடைக்காது” என்று முடித்து மைக்கை என்னிடம் நீட்டினார்.

இப்போது நான் என்ன சொல்வது? பழக்க தோஷத்தில், “ஆகவே... விக்... வாக்காளப் பெருமக்களே... விக்... உங்கள் சின்னம்... விக்... குழாய்” என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதுதான் பயங்கரம்.

கன்னியம்மா செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். “பொய்யாச்சும் சொல்லினு போயிருக்கலாமில்ல டீச்சர்” என்றாள். கோபமாகக்கூட இல்லை. “அப்ப நாங்க எங்க போறது?”

டீச்சர் மறுபடி ஏரிப் பக்கம் திரும்பினார். குடைக்காம்பைத் திருகிக்கொண்டே இருந்தார். “தெரியல. பாத்துட்டு வந்து சொல்றேன்” என்றபோது குரல் ஸ்பீக்கருக்கு எட்டவில்லை. எனக்கு மட்டும்தான் கேட்டது. கன்னியம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

ஓட்டு எண்ணுகிற அன்று நான்தான் ஏஜெண்டாக உள்ளே உட்கார வேண்டியது. விக்கலோடு உட்கார்ந்தால் எண்ணுகிறவர்களுக்குக் கணக்குத் தப்பும் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அப்படித்தான் வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். எதிர் டீக்கடையில் நின்று, குடித்த டீயையே மறுபடி மறுபடி ஆர்டர் செய்துகொண்டிருந்தேன். கடைசியில் கேட் முன்னால் பட்டாசுச் சத்தம் கேட்க, குடையை ஊன்றிக்கொண்டு டீச்சர் வெளியே வந்தார். நேராக என்னிடம் வந்தார்.

“கேட்டியே, ஜெயிப்பமான்னு. பாத்துட்டு வந்துட்டேன். இல்ல.”

மற்றத் தெருக்களில் அவர்தான் முன்னால். ஏரிக்கரைத் தெருவில் பாதிப் பேர் போட்டிருந்தால்கூடப் போதும். அந்தக் கணக்கை நான் சொல்லிச் சொல்லிப் புலம்பினேன். டீச்சர் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, “நாளைக்கு வண்டி வேணும். மைக் வேணாம்” என்றார்.

தோற்றவர்கள் மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார்கள். ஊர் வழக்கம் அது. ஜெயித்தவர் மேளத்தோடு நன்றி சொல்லி வருவார். அதுவும் வழக்கம். தோற்றவர் ஆட்டோ வைத்து வீடு வீடாகப் போவது எந்த ஊரில் உண்டு? அதிர்ச்சியில் டீச்சருக்கு மூளை கொஞ்சம் அசைந்துவிட்டது என்றே நினைத்தேன். யாரைக் கூப்பிடுவது, எந்த ஆஸ்பத்திரி என்றெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டுதான் போனேன். அவரோ ஒவ்வொரு வாசலிலும் இறங்கி, ‘கேட்டீங்களே’ என்று ஆரம்பித்துப் பாக்கியிருந்த பதில்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். ரேஷன் கடை ஏன் மாறவில்லை. சுடுகாட்டு ரோடு யார் கணக்கில் வருகிறது. ஓட்டுப் போடாதவர்களுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்கள்.

பள்ளிக்கூடத் தெரு முனையில் நன்றி ஊர்வலம் எதிரே வந்துவிட்டது. முன்னால் மேளம், பின்னால் ஜீப், மாலைக்குள் மரக்கடைக்காரர். என் ஆட்டோ பின்னால் போக வழியில்லை. விக். அவர் இறங்கி வந்து கும்பிட்டார். “டீச்சர், மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க. எல்லாம் ஆயிடும்.”

“எது ஆயிடும்?” என்றார் டீச்சர்.

அந்த மனுஷனை இதுவரை யாரும் அப்படித் திருப்பிக் கேட்டதில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“தண்ணி எப்ப வரும்னு தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. நானும் வரேன். சேந்து போய்ப் பாத்துட்டு வரலாம்.”

அவர் ஒரு நிமிஷம் உண்மையாகவே யோசித்தார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். அதற்குள் மேளக்காரன் அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

கடைசி வீடு கன்னியம்மாவுடையது. எங்களைப் பார்த்ததும் இட்லித் தட்டைக் கீழே வைத்தாள். “இன்னாத்துக்கு வந்தே? அதான் தோத்துட்டியே.”

“எங்க போறதுன்னு கேட்டியே. இன்னும் தெரியல. அத சொல்லத்தான் வந்தேன்.”

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். ஆட்டோவைப் பார்த்தாள். “தெரியலன்னு சொல்றதுக்கு ஆட்டோ வெச்சிக்கினு வந்துகீறியா?” என்றாள். பிறகு செங்கல் அடுக்கைப் புடவைத் தலைப்பால் துடைத்து, “குந்து” என்றாள்.

அதன் பிறகு அந்தச் செங்கல் டீச்சருடைய நாற்காலி ஆகிவிட்டது. கன்னியம்மா கட்டடம் எழுப்பவில்லை. டீச்சரும் விடவில்லை. திங்கட்கிழமைகளில் காஞ்சிபுரம் போய்க் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்பார். எங்கேயோ வீட்டுமனையாகத் தரக்கூடிய நத்தம் நிலம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரகடம் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அடுத்த தடவை போனால் அங்கே கம்பெனி காம்பவுண்டு நிற்கும். ஒவ்வொரு தடவையும் ஏரிக்கரைத் தெருவுக்கு வந்து, செங்கல்மேல் உட்கார்ந்து, “இன்னும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போவார். கன்னியம்மா திட்டிக்கொண்டே தண்ணீர் கொடுப்பாள். செங்கல்லில் பாசி பிடித்தது.

அடுத்த தேர்தலும் வந்தது. டீச்சருக்கு முட்டி வலி, நிற்கவில்லை. மரக்கடைக்காரர் என்னைப் பழையபடி கூப்பிட்டார். வாடிக்கை திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் ஸ்பீக்கருக்கெல்லாம் பெயிண்ட் அடித்துவிட்டுக் கிளம்பினேன். ஏரிக்கரைத் தெருவுக்குள் என் ஆட்டோ முன்னால், ஜீப் பின்னால். “உங்கள் தெருவுக்குப் பட்டா வாங்கித் தரப் பாடுபடும்...” என்று இழுத்துக்கொண்டே போனேன்.

கன்னியம்மா செங்கல்மேலிருந்து எழுந்து வந்து ஆட்டோவை மறித்தாள். “யோவ் மைக்கு, அவர வுடு. நீ சொல்லு. பட்டா வருமா, வராதா?”

தெருவே என்னைப் பார்த்தது. கையில் மைக், உயிரோடு. விக்கல் தொண்டை வரை வந்தது. ‘ஆயிடும்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இரண்டு ஸ்பீக்கரிலும் நான் கேட்டது வேறு.

“தெரியல கன்னியம்மா. பாத்துட்டு வந்து சொல்றேன்.”

தெரு சிரித்தது. கன்னியம்மா சிரிக்கவில்லை. “பாத்துட்டு வா” என்று வழிவிட்டாள்.

பிற்பாடு அவளுக்கு மணிமங்கலம் போகிற வழியில் வெகு தள்ளி ஒரு மனை கிடைத்தது. பாசி பிடித்த செங்கல்லையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். தெருவில் பாதிப் பேருக்குத்தான் கிடைத்தது, மீதிப் பேருக்குப் பதில் இன்னும் பாக்கி. அதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியுமா? தெரிந்ததெல்லாம் பின்னால் ஜீப்பிலிருந்து இறங்கி வருகிற வெள்ளை வேட்டிதான். “இன்னாடா மைக்கு, இன்னா பேசினே?” என்று கேட்டபடி வந்த அவர், என் பதிலுக்குக் காத்திராமல் வயரைப் பிடுங்கிவிட்டார்.

பிழைப்பில் மண் விழுந்ததைச் சொல்லி அழலாம் என்று டீச்சர் வீட்டுக்கு வண்டியை விட்டேன். அவர் கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். செருப்பு மாட்டியிருந்தது. கையில் குடை.

“கேட்டுச்சு” என்றார். ஏரிக்கரைத் தெரு அவருக்கு இரண்டு தெரு தள்ளி. சொன்னேனே, என் சரக்கு அவ்வளவு தரம். “இப்பப் போனா தாலுக்கா ஆபீஸ்ல ஆள் இருப்பாங்க. நீதான கேக்கணும், உன் கேள்விதான.” முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி உட்கார்ந்து, “வண்டில பெட்ரோல் இருக்கா?” என்றார்.

“தெரியல டீச்சர். பாத்துட்டு...”

முடிப்பதற்குள் முதுகில் குடை விழுந்தது.